ஆஃப் கிளட்ச் அறிவியல்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் வரிசையாக நிற்கும் ஸ்ப்ளெண்டர்களில் ஏதாவது ஒன்றின் எஞ்சினைக் குனிந்து பாருங்கள். சிலிண்டர் நிமிர்ந்து நிற்காது; முன்சக்கரத்தைப் பார்த்துப் படுத்துக் கிடக்கும். 1958-ல் ஜப்பானில் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப் வண்டியிலிருந்து தொடங்கிய வம்சம் அது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வழியாக 97.2 சிசி எஞ்சினாக நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. அதே வம்சத்தின் இன்னொரு கிளைதான் பிட் பைக் எனப்படும் குட்டி மோட்டார் சைக்கிள்.

1961-ல் டோக்கியோ பக்கத்து டாமா டெக் பூங்காவில் சவாரிக்காக ஹோண்டா ஒரு குட்டி வண்டியைச் செய்தது. பிற்பாடு அமெரிக்க மோட்டோகிராஸ் பந்தயத் திடல்களில், வண்டிகளைப் பழுது பார்க்கும் இடத்துக்குள் சுற்றிவர இப்படிப்பட்ட குட்டி வண்டிகள் வசதியாக இருந்தன. அப்படியே அவை தனி விளையாட்டாகவும் வளர்ந்தன. ஹோண்டாவின் சிஆர்எஃப் 50 வண்டியின் எடை ஏறத்தாழ 50 கிலோ. சீட்டின் உயரம் 55 சென்டிமீட்டர். ஸ்ப்ளெண்டரோ 110 கிலோவைத் தாண்டும். சீட் 78 சென்டிமீட்டருக்கு மேல். புதிதாகக் கற்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தால் பயம் பாதி போய்விடும். சாய்கிற வண்டியைக் காலாலேயே தாங்கிவிடலாம்.

நம் பக்கத்தில் பிட் பைக்கைப் பார்ப்பது அபூர்வம். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-ம் அதன் வாரிசான எக்ஸ்எல்லும்தான் இங்கே பல பேருக்கு முதல் வண்டி. பால் கேன், வாழைத்தார், பூ மூட்டை என்று எதையும் ஏற்றிக்கொண்டு நிலக்கோட்டைக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் ஓடுகிற அந்த வண்டியில் கிளட்ச் பிடி கிடையாது. எஞ்சின் வேகமாகச் சுழன்றால் உள்ளே இருக்கும் கட்டைகள் தாமாக வெளிப்பக்கம் விரிந்து டிரம்மைக் கவ்விக்கொள்ளும். சிஆர்எஃப் 50-லும் கிளட்ச் பிடி இல்லை. மூன்று கியரையும் காலால் மாற்றினால் போதும். ஆகவே, கற்பவர் முதலில் பேலன்ஸை மட்டும் கற்கலாம். கிளட்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வரிசை இல்லை.

பேலன்ஸ் என்பது என்ன? சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவுதான் வண்டியை நிமிர்த்தி வைக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். 2011-ல் அமெரிக்காவின் கார்னெல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்த விளைவை எதிர்ச்சுழற்சிச் சக்கரங்களால் ரத்து செய்த ஒரு சைக்கிளைச் செய்து தள்ளிவிட்டார்கள். யாரும் ஓட்டாமலே அது விழாமல் ஓடியது. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன்சக்கரம் திரும்பியதுதான் காரணம். சக்கரம் அப்படித் திரும்பும்போது, விழப்போகும் எடைக்கு அடியில் வண்டி வந்து நின்றுகொள்கிறது.

புதியவரின் உடம்பு இதற்கு நேர்மாறாக நடக்கிறது. இடப்பக்கம் சாய்ந்தால் பதறி வலப்பக்கம் ஒடிக்கிறார், விழுகிறார். சாயும் பக்கமே ஒடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக் கை கேட்காது, பழகித்தான் கேட்கும். வேகம் கூடினால் இன்னொரு வேடிக்கை. இடப்பக்கம் திரும்ப, ஹேண்டில்பாரின் இடப்பிடியை முன்னால் லேசாகத் தள்ளுகிறோம். சக்கரம் கண நேரம் வலப்பக்கம் போகிறது, வண்டி இடப்பக்கம் சாய்கிறது, பிறகு திரும்புகிறது. தினமும் செய்பவர்களுக்கே இது தெரியாது. விமானம் கண்டுபிடித்த வில்பர் ரைட் ஒரு சைக்கிள் கடைக்காரர். எப்படித் திரும்புகிறீர்கள் என்று பலரைக் கேட்டும், சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை என்று அவர் குறிப்பிட்டதாகச் சொல்வார்கள்.

இந்த அறிவு குடியிருக்கும் முக்கியமான இடம் பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை. மூளையின் பருமனில் அது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மொத்த நரம்பணுக்களில் பாதிக்கும் மேல் அதற்குள் இருக்கின்றன. ‘கை இப்படிப் போனால் வண்டி இப்படி வரும்’ என்று முன்கூட்டிக் கணித்து, நடந்ததோடு ஒப்பிட்டு, பிசகைத் திருத்திக்கொண்டே இருப்பது அதன் வேலை. அதற்குச் சின்னச் சின்னப் பிசகுகள் தேவை. முதல் பாடத்தையே மெயின் ரோட்டில் வைத்தால் பிசகுக்கு இடமே இல்லை.

வேடசந்தூர் பக்கம் கடலை பிடுங்கி முடித்த காட்டில் ஒரு சாயங்காலம் பார்த்தேன். கல்லூரியில் படிக்கிற பெண் ஸ்ப்ளெண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மாமா பக்கத்திலேயே நடக்கிறார். “கிளட்சப் பட்டுனு விடாத தாயி. ஆக்சிலேட்டரத் தொடவே தொடாத. மெதுவா விடு, வண்டி தானா இழுக்கும் பாரு” என்றார். அவள் விரல் விரலாகத் தளர்த்தினாள். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கம்மியது, முன்பக்கம் லேசாக அசைந்தது. “அந்த எடத்துலயே பிடி, அங்கயே பிடி!” வண்டி நடக்கிற வேகத்தில் உருண்டது. அந்த மாமாவைப் போல் சொல்லித்தரும் ஆட்கள் ஊருக்கு நாலு பேர் இருக்க வேண்டும்.

அந்த இடத்தைத்தான் ஆஃப் கிளட்ச் என்கிறோம். எஞ்சின் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்று சுற்றுகிறது. சக்கரம் அசையாமல் நிற்கிறது. இரண்டையும் ஒரே நொடியில் இணைத்தால் ஒன்று வண்டி ஜெர்க் அடித்துப் பாயும், அல்லது எஞ்சின் நின்றுபோகும். ஆயிலில் ஊறிய கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று வழுக்கி உரசி, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைச் சமன் செய்கின்றன. அந்த வழுக்கல் இடது கைப்பிடியின் பயணத்தில் விரற்கடை அளவுதான். ஆக்சிலேட்டரே தொடாமல் அதை மட்டும் பிடித்து விட்டுப் பழகினால், பாதி வண்டி கற்றாயிற்று.

புதியவர்களை அதிகம் கீழே தள்ளுவது ஆக்சிலேட்டர். வண்டி திடுமெனப் பாய்ந்தால் உடம்பு பின்னால் போகும். வலது கை பிடியை விடாது. உடம்போடு சேர்ந்து கையும் பின்னால் இழுபடும். இழுபட்டால் ஆக்சிலேட்டர் மேலும் முறுகும். வண்டி மேலும் பாயும். பயம் பிடியை இன்னும் இறுக்கும். பிட் பைக் போல எடை குறைந்த வண்டியில் இது இன்னும் விரைவாக நடக்கும். தடுக்க வழி உண்டு. மணிக்கட்டு பிடியைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், முழங்கை மடங்கியிருக்க வேண்டும், உடம்பு சற்று முன்னால் சாய்ந்திருக்க வேண்டும், இடது கையின் இரண்டு விரல் கிளட்சின் மேலேயே இருக்க வேண்டும். என்ன நடந்தாலும் கிளட்சைப் பிடித்துவிட்டால் சக்கரத்துக்கு இழுவை போகாது. சிஆர்எஃப் 50, எக்ஸ்எல் மாதிரி கிளட்ச் பிடி இல்லாத வண்டியில் இந்தத் துணை கிடையாது. அங்கே ஆக்சிலேட்டரை விடுவதையும் பிரேக்கையும்தான் முதலில் பழக வேண்டும்.

இடம் தேர்ந்தெடுப்பதிலும் விவரம் வேண்டும். வற்றிய குளத்தின் வண்டல் தரையில் வெடிப்பு நீளமாக ஓடும். குட்டிச் சக்கரம் அதில் மாட்டினால் நேராகவே போகும், திரும்பாது. கரையோரம் சீமைக்கருவேல முள் டியூபைப் பதம் பார்க்கும். மேலே மணல் இல்லாத, கெட்டியான செம்மண் தரைதான் நல்லது. பொடிமண்ணில் முன்பிரேக்கை இறுகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஆகவே மண்ணில் பின்பிரேக்கை முதலில் பழகி, முன்பிரேக்கை ஒரு விரலால் மெல்லச் சேர்க்க வேண்டும். தார் ரோட்டில் கதை வேறு. அங்கே பிரேக் போட்டால் எடை முன்சக்கரத்துக்கு நகரும். நிறுத்தும் வலு பெரும்பாலும் முன்பிரேக்கில்தான்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் கற்றுவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களுக்கு ஓர் ஆய்வு. 1978-ல் வெளியான அந்த ஆய்வில், பிரிட்டன் அஞ்சல் ஊழியர்களுக்கு டைப்பிங் கற்றுத்தந்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்களுக்கே மொத்தத்தில் குறைந்த மணி நேரம் போதுமானதாக இருந்தது. நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்கள் பின்தங்கினார்கள். இடையில் வரும் தூக்கமும் உடல் பழகியதை உறுதிப்படுத்துகிறது. வயதும் தடையில்லை. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள்.

ஆர்டிஓ ஆபீஸில் ‘எட்டு’ போடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நடை வேகத்தில் வண்டி தானாக நிமிராது. ஓட்டுபவர்தான் தாங்க வேண்டும். ஆஃப் கிளட்ச், துளி ஆக்சிலேட்டர், லேசான பின்பிரேக் மூன்றும் ஒன்றாக வேலை செய்தால்தான் கால் ஊன்றாமல் முடிக்கலாம். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கிற பக்கம்தான் வண்டி போகும். கல்லைப் பார்த்தவர் கல்லில்தான் ஏற்றுவார்.

பிட் பைக்கில் நம்பர் பிளேட் கிடையாது. பொது ரோட்டில் அதை ஓட்ட முடியாது. 50 சிசி வரையிலான வண்டிக்கு 16 வயது, அதற்கு மேல் 18 என்பது சட்டம். பிள்ளையிடம் ரோட்டில் வண்டியைக் கொடுத்தால், 2019 திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அப்பாக்களுக்கும் மாமாக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கற்றுக்கொடுங்கள், ஆனால் நான்கு வழிச்சாலையில் வேண்டாம். ஊருக்கு வெளியே கெட்டித் தரையாகப் பார்த்து, காலுக்கு ஷூவும் தலைக்கு ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட்டும் மாட்டி, வார் இறுக்கி, முதல் கியரிலேயே ஒரு வாரம் ஓட்டவிடுங்கள்.