வீட்டோடு ஒரு பட்டறை – 6: டேங்குக்குள் பெய்யும் மழை

கம்பிரசரின் குதிரைத்திறன், டேங்க் லிட்டர் கணக்கெல்லாம் போன வாரமே முடிந்தது. பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பதை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வெளியே வருகிறது என்று கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வாரம் சத்தத்தின் முறை. அதற்குள் தண்ணீர் குறுக்கே வந்துவிட்டது.

நம் ஜொகூர் பாரு பூமத்திய ரேகைக்கு ஒன்றரை பாகை வடக்கே இருக்கிறது. 30 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள ஒரு நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 10 டிகிரிக் குளிரில் அதே 80 விழுக்காடு என்றாலும் ஏழரை கிராம்தான். குளிர்நாட்டு வீடியோவைப் பார்த்து இங்கே கம்பிரசர் வாங்குகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

8 பார் அழுத்தத்தில் காற்று ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அந்த இடத்துக்குள் அவ்வளவு நீராவியும் அடங்காது. சூடு ஆற ஆற மிச்சமெல்லாம் தண்ணீராக இறங்கும். நிமிடத்துக்கு 100 லிட்டர் இழுக்கும் சின்ன கம்பிரசர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 125 மில்லி. தாமான் வீட்டுப் போர்ச்சில் ஒரு கதவுக்குச் சாயம் அடிப்பதற்குள் அரை கிளாஸ் தண்ணீர்!

அது முழுக்க டேங்கிலேயே நின்றால் சாயத்துக்குத் தொல்லையில்லை. சூடு ஆறாத காற்று ஹோஸ் வழியாகப் போய், சாயத் துப்பாக்கியின் முனைக்கு அருகில் குளிர்ந்து, சாயத்தோடு சேர்ந்து தெறிக்கிறது. காய்ந்த பிறகு பார்த்தால் கொப்புளம். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியைக் கம்பிரசரின் வாயிலேயே மாட்டினால் பாதிப் பயன்கூட இல்லை. சில மீட்டர் குழாயில் காற்று ஆறிய பிறகுதான் அதற்கு வேலை. மூவார் போன்ற தளவாட நகரங்களின் தொழிற்சாலைகளுக்கு உள்ள வழி வேறு: காற்றை 3 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து உலர்த்தும் இயந்திரம். வீட்டுக்கு அது ஆகாத செலவு.

சாயத் துப்பாக்கியின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர், நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். 1888-இல் அதற்கென்று ஒரு நிறுவனமே பிறந்தது. மகன் தாமஸ் அந்தத் தெளிப்பு முறையைச் சாயத்துக்குத் திருப்பினார். கார்ப் பட்டறைக்காரர்கள் இன்றும் சொல்லும் பெயர் அந்த மருத்துவருடையது.

சரி, எதை வாங்குவது? ஆணி அடிக்க, டயருக்குக் காற்றுப் பிடிக்க, தூசி ஊத என்றால் 24 லிட்டர் டேங்க் போதும். சாயமும் அடிக்க வேண்டுமென்றால் 50 லிட்டருக்குக் கீழே இறங்க வேண்டாம். எதுவானாலும் அடியில் உள்ள வடிகால் வால்வைக் கடையிலேயே குனிந்து திருகிப் பாருங்கள். கைக்கு எட்டாத வால்வை வீட்டில் யாரும் திறக்கமாட்டார்கள். டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இரண்டாங்கை டேங்குக்குப் புதுச் சாயம் அடித்திருந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

சத்தம் அடுத்த வாரம். கம்பிரசர் வைத்திருப்பவர்கள் அதற்குள் அழுத்தத்தை 1 பாருக்கு இறக்கி, அந்த வால்வைத் திறந்து பாருங்கள். துருநிறமா, எண்ணெய் கலந்த பால்நிறமா, எது வந்தது என்று ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.