கோலிவாடா இறாலுக்கு மசாலா அரைத்தது யார் தெரியுமா?

மும்பையில் மீன் சமைக்கும் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் பட்டியலில் ‘ப்ரான்ஸ் கோலிவாடா’ இருக்கும். கடலை மாவும் ஓமமும் மிளகாய்த்தூளும் பூசி, செக்கச்செவேலென்று பொரித்த இறால். பெயரைக் கேட்டால் கோலி மீனவர் வீட்டுப் பக்குவம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த மசாலா வந்தது பஞ்சாபிலிருந்து! 1947 பிரிவினையில் வீடுவாசலை விட்டு ஓடிவந்த பஞ்சாபிகளைச் சயான் கோலிவாடாவில் குடியமர்த்தினார்கள். தங்கள் ஊரில் ஆற்று மீனுக்குப் பூசிய ஓம மசாலாவை இந்தக் கடற்கரை இறாலுக்குப் பூசி, 1950களில் சீக்கியர்கள் இங்கே விற்கத் தொடங்கினார்கள் என்பதுதான் அந்தப் பகுதியில் சொல்லப்படும் கதை. அங்குள்ள பழைய கோலிவாடா ஸ்டேஷனுக்குக்கூட இன்று குரு தேக் பகதூர் நகர் என்று பெயர். இறாலின் பெயரை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை!

சயானைச் சுற்றி இப்படித்தான். கையில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவர்கள் வைத்த அடுப்புதான் மும்பையின் நாக்கைப் பழக்கியிருக்கிறது.

சினிமா இடைவேளையில் மும்பைக்காரர்கள் கடிக்கும் சமோசா எங்கே பொரிபடுகிறது தெரியுமா? நகரத்தின் பல தியேட்டர்களுக்கு அது சயான் மேற்கில், எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரிப் பக்கத்திலுள்ள குரு கிருபாவிலிருந்து போகிறது. அதுவும் சிந்திலிருந்து வந்த குடும்பத்தின் கடைதான். பக்கத்துக் கல்லூரியை நடத்துவது 1932இல் மாட்டுங்காவில் தொடங்கிய சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி. தமிழ்ப் பிள்ளைகள் பாடம் முடிந்து வந்து சிந்தி சமோசாவுக்கு வரிசை கட்டுகிறார்கள்!

இனி மாட்டுங்கா. இதைச் சொல்ல எனக்கு ஒரு பக்கம் போதாது. 1896இல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. நெரிசல்தான் காரணம் என்று, இரண்டு வருஷத்தில் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்து, தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளை அகலத் தெருவும் தோட்டமுமாகத் திட்டமிட்டார்கள். டைப்பும் சுருக்கெழுத்தும் கற்ற நம் இளைஞர்கள் ரயில் ஏறி வந்து அந்தத் தெருக்களில் அறை எடுத்தார்கள். அறை கிடைத்தது, சாப்பாடு? அதைத் தந்தவர்கள் தென்கன்னடத்துக்காரர்கள். 1936இல் கஃபே மைசூர், 1939இல் ராம் ஆஷ்ரயா, 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். ஆறே வருஷத்தில், நடந்து போகும் தூரத்துக்குள் நான்கு! கஃபே மெட்ராஸை நடத்துவதும் மங்களூர்ப் பக்கத்துக் காமத் குடும்பம்தான். நான்கும் இன்றைக்கும் திறந்திருக்கின்றன என்பது என்னைப் பொறுத்தவரை மும்பையின் பெரிய அதிசயம். பக்கத்திலுள்ள ரசாயனத் தொழில்நுட்பக் கல்லூரியான யு.டி.சி.டி.யில் படித்த முகேஷ் அம்பானிக்கு மிகப் பிடித்த ஹோட்டல் எது தெரியுமா? கஃபே மைசூர்! அவரே சொல்லியிருக்கிறார்.

ஞாயிறு காலையில் கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முன்பின் தெரியாதவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து ரசவடை சாப்பிட வேண்டும். ராம் ஆஷ்ரயாவில் அன்னாசிப்பழக் கேசரியை விட்டுவிடாதீர்கள். அங்கே அதற்குப் பெயர் ஷீரா. மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டிய மார்க்கெட் கட்டடத்தின் முதல் மாடியில் ராம நாயக் போர்டிங். இலை போட்டு, போதும் போதும் என்னும்வரை பரிமாறுவார்கள். அந்த ஸ்டேஷனுக்கும் ஒரு பெருமை உண்டு. 2017இல் முழுக்கப் பெண்களே நடத்தும் புறநகர் ரயில் நிலையம் ஆயிற்று, நாட்டிலேயே முதலாவதாக!

சாப்பிட்டதும் கடைவீதி. சின்ன வெங்காயம், வாழைப்பூ, முருங்கைக்காய், கண்ணெதிரே அரைத்துத் தரும் காப்பிப் பொடி, தொடுத்த மல்லிகைச் சரம், நுனி இலை. மயிலாப்பூரில் கிடைப்பதெல்லாம் இங்கே கிடைக்கும், விலையைத்தான் இந்தியிலோ மராத்தியிலோ சொல்வார்கள்! துணிக்குக் காந்தி மார்க்கெட்; மழைக்காலத்தில் மட்டும் முழங்கால் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். அருகிலேயே சண்முகானந்தா. 1952இல் பிறந்த சபை, 1963இல் எழுந்த அரங்கம், 1990இல் தீ, 1998இல் மறுபடி திறப்பு. ஏறக்குறைய 2,800 பேர் உட்கார்ந்து கச்சேரி கேட்கலாம்!

தோல் பை வேண்டுமா? சயான் ஸ்டேஷனுக்கு மேற்கே, பாந்த்ரா போகும் லிங்க் ரோட்டில் தாராவியின் தோல் கடைகள் வரிசையாக நிற்கும். பஸ்ஸில் போனால் காலா கில்லாவில் இறங்கலாம். 1737இல் ஆங்கிலேயர் கட்டிய சின்னக் கோட்டை அது, அந்தப் பெயர்தான் இன்று பஸ் டெப்போவுக்கு! பாந்த்ராவில் இறைச்சிக்கூடம் இருந்ததால் தாராவியில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. அந்தத் தொட்டிகளில் கால் வைத்து நின்றவர்களில் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் ஏராளம். 1971இல் இறைச்சிக்கூடம் தேவனாருக்குப் போனது. பதனிடுவது தேய்ந்தாலும் தைப்பது நிற்கவில்லை.

அதே தாராவியில் நடுராத்திரிக்குப் பிறகு மாவு அரைக்கும் சத்தம் கேட்கும், தெரியுமா? விடிவதற்குள் இட்லியும் உளுந்து வடையும் சட்னியும் அலுமினியப் பாத்திரங்களில் ஏறிவிடும். சைக்கிளின் ரப்பர் ஹாரனை ‘பாம் பாம்’ என்று அழுத்திக்கொண்டு நம் தென்மாவட்டத்து ஆட்கள் நகரமெங்கும் பிரிந்து போவார்கள். மராத்திக்காரர், குஜராத்திக்காரர், எல்லோருக்கும் அவர்கள் ‘அண்ணா’. ஹோட்டல் வாசலைப் பார்க்காத எத்தனையோ பேருக்குக் காலைப் பலகாரம் இந்தச் சைக்கிள்தான். பொங்கலன்று 90 அடி ரோட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள், தெருவிலேயே அடுப்பு மூட்டி வரிசையாகப் பானைகள் பொங்கும்!

இப்போது தாராவி மறுசீரமைப்புத் திட்டம் தொடங்கிவிட்டது. யாருக்கு எத்தனை சதுர அடி வீடு என்றுதான் பேச்செல்லாம். அந்த இட்லி அடுப்புக்கும் கிரைண்டருக்கும், சைக்கிள் நிறுத்தும் சந்துக்கும் புதிய வரைபடத்தில் இடம் எங்கே? வீட்டைப் போலவே அதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும், வாடகைக்கு அறை பிடித்து மாவு அரைப்பவருக்கும் சேர்த்து.