ஆயா பாதியில் விட்ட போர்வை

எங்க வீட்டுப் பரண்மேல் ஒரு மூட்டை. பிரித்தால், சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஆயா தைத்த போர்வையின் மேல்துணி! "கண்ணு மங்கிப் போச்சு சாமி, விட்டுட்டேன்" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் முடித்தேன்.

முதலில் துவைத்து, விட்டுப்போன தையலைச் சரிசெய்து, இஸ்திரி போடணும். அடியில் ஒரு பழைய பருத்திச் சேலை, நடுவில் இன்னொன்று. பழசு என்பதால் இனி அதிகம் சுருங்காது. மூன்றையும் நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெரிய தையலால் பிடிக்கணும். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் சுருக்கம் விழும். எனக்கு விழுந்தது, பிரித்தேன்! பிறகு நெருக்கமாக ஓட்டுத் தையல். ஓரத்தை மடித்துத் தைத்தபின் பெரிய தையலை உருவிவிடலாம்.

நம்ம மாவட்டத்துச் சிட்டிலிங்கியில், மறைந்துவந்த லம்பாடிப் பூத்தையலை 2006 வாக்கில் மூத்த பெண்களிடம் கேட்டு மற்ற பெண்கள் கற்றார்கள். அவர்கள் சங்கத்தின் பெயர் 'போர்கை'. லம்பாடி மொழியில் 'பெருமை' என்று பொருள். சொல்லித்தர ஆள் இருக்கும்போதே கேட்டுக்கணும்!

முடிந்த போர்வையை ஆயா தடவிப் பார்த்தார். "இது உங்கம்மா சின்னதுல கட்டின பாவாடை" என்றார். இது அம்மாவுக்கே தெரியாது!

உங்க வீட்டுப் பரணையும் பாருங்களேன்!

- 9-ம் வகுப்பு மாணவி