மின்னாவணக் காப்பில் எழுத்துக் குறியாக்கம்: மதுரைத் திட்டத்தை முன்வைத்து

1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கம், சுவடிகளையும் அச்சு நூல்களையும் திரட்டிக் காத்தது. சங்கம் வளர்த்த அந்நகரின் பெயரையே ஏற்று, 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பட்டது. முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினர். தொடக்கக் கோப்புகள் திஸ்கி குறியாக்கத்தில் அமைந்தன. பின்னர் அவை ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. ஆவணவியல் நோக்கில் இம்மாற்றம் ஏட்டைப் படியெடுப்பதற்கு ஒப்பானது. படியெடுப்பில் நேரும் திரிபுகள் இதிலும் நேரக்கூடும்.

திஸ்கி, எழுத்துகளைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் சேமிக்கிறது. 'கொ' என்பது அதில் கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகள். ஒருங்குறியோ ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது. அவ்வுயிர்க்குறியும் ஒரே குறியாக அமையலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் அமையலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் இவற்றை இயல்பாக்கி ஒப்பிடாத தேடல் கருவிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஔகாரத்தின் நிலை இன்னும் சிக்கலானது. 'ஔவையார்' என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடும் வழக்கம் இணையத்தில் பரவலாக உள்ளது. இதை எந்த இயல்பாக்கமும் திருத்தாது. மெய்ப்புப் பார்ப்பவரின் கண்ணே திருத்த வேண்டும்.

இதனால் பாதிக்கப்படுவது ஆய்வு முடிவு. 'இச்சொல் இந்நூலில் பயிலவில்லை' என்னும் கூற்று இன்று பெரும்பாலும் மின்தேடலின் அடிப்படையிலேயே எழுதப்படுகிறது. குறியாக்கத்தைச் சோதிக்காத தேடலில் அக்கூற்று கோப்பைப் பற்றியதேயன்றி நூலைப் பற்றியதன்று. வானவில், பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சான பழைய ஆய்வேடுகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமாகவே தோன்றும். கோப்பு அழியவில்லை, படிக்கத்தான் இயலவில்லை. (அச்சுப்படி நூலகத்தில் இருப்பதால் இவ்விழப்பு பலருக்கும் தெரிவதில்லை.)

ஏடெழுதியோர் சுவடியின் இறுதியில் ஆண்டு, நாள், தம் பெயர் ஆகியவற்றைக் குறிப்பதுண்டு. மதுரைத் திட்டக் கோப்புகளிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இடம்பெறுகின்றன. இவற்றோடு மூலப் பதிப்பு, முதற் குறியாக்கம், மாற்றிய மென்பொருள், மாற்றிய நாள் ஆகியவற்றையும் ஒவ்வொரு மின்கோப்பிலும் பதிவதும், மாற்றத்திற்கு முந்தைய கோப்பை அழிக்காமல் உடன்வைப்பதும் பல்கலைக்கழக நூலகங்கள் இப்போதே மேற்கொள்ளத்தக்க பணிகள். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.