தண்ணீர் தேடிய நகரம்

கோவையைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் தோழியரே, இங்கிலாந்தின் மான்செஸ்டர் எந்நேரமும் ஈரம் படிந்த ஊர். நம் கோவையோ மழை குறைந்த ஊர். இங்கு இத்தனை ஆலைகளும் மக்களும் பெருகியது எப்படி?

நமக்கு மேற்கே மதில் போல் நிற்கும் மலைத்தொடர், தென்மேற்குப் பருவமழையைத் தன் மறுபக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது காற்றும் சிறு சாரலும்தான். கோவையில் ஆண்டு மழை ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. இதே மாவட்டத்தில், மலைமேல் இருக்கும் சின்னக்கல்லாரிலோ இதைப் போல் பல மடங்கு பெய்கிறது!

மழை குறைவாயினும் மண் நல்ல மண். அக்டோபரில் கருமத்தம்பட்டி செபமாலை மாதா திருத்தலத்துக்குச் செல்கிறவர்கள் வழியில் கரிசல் நிலத்தைப் பார்த்திருப்பார்கள். அது பருத்திக்கு ஏற்றது. எனவே 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியால் இங்கு முதல் நூற்பாலை எழுந்தது. ஆனால் ஆலைகள் பெருகியது 1932-க்குப் பிறகே. அவ்வாண்டு நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையில் விழுந்த நீர் மின்சாரமாக நம் ஊருக்கு இறங்கி வந்தது.

குடிநீரும் மலையிலிருந்தே வந்தது. சிறுவாணி ஆறு நம் பக்கம் ஓடுவதில்லை. மலைக்கு அப்பால், கேரளத்து அட்டப்பாடியில் ஓடுகிறது. மலையைக் குடைந்து அந்நீரைக் கொண்டுவர வேண்டும் என்று நரசிம்மலு நாயுடு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வற்புறுத்தினார். பல ஆண்டுகள் கழித்து, நகரசபைத் தலைவர் இரத்தினசபாபதி முதலியார் காலத்தில் அது நிறைவேறியது. ஆர்.எஸ்.புரம் என்பது அவர் பெயரே. அங்கு குடியிருப்பவர்களில் பலருக்கே இது தெரியாது. இன்று பில்லூர் நீரும் நகருக்கு வருகிறது.

கிராமங்களில் நிலை வேறு. குடியானவர்கள் ஆழமான கிணறு வெட்டி, கவலை பூட்டி, மாடுகளை முன்னும் பின்னும் ஓட்டி நீர் இறைத்தார்கள். மின்சாரம் வந்ததும் அவர்களுக்கு மோட்டார் வேண்டியிருந்தது. ஆலை இயந்திரங்களைப் பழுது பார்த்த பட்டறைகளே மோட்டாரும் பம்பும் செய்யத் தொடங்கின. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் மின்மோட்டார் உருவாக்கினார்கள். 1955-இல் பி. சபாபதி மாவரைக்கும் கிரைண்டரைச் செய்தார். நம் அம்மாமார்களின் தோள்வலி தீர்ந்ததற்கு மூலகாரணம் தோட்டத்துக் கிணறுதான் என்றால் சிரிக்காதீர்கள்!

ஆனால் மோட்டார் வந்த பிறகு கிணறுகள் வற்றின. ஆயிரம் அடிக்குக் கீழேயும் ஆழ்குழாய் இறங்க நேர்ந்த ஊர்கள் உண்டு.

இந்தக் கதையில் நொய்யலை மறக்கலாகாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர், கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நம் ஆறு அது. உக்கடம், சிங்காநல்லூர், சூலூர்க் குளங்களெல்லாம் அதன் பிள்ளைகள். சங்க நூலில் கொடுமணம் எனப்படும் கொடுமணலில் மணிக்கற்களைப் பட்டை தீட்டியவர்கள் வாழ்ந்ததும் இதன் கரையில்தான். மலைநீர் குழாயில் வந்தபின் நகரம் தன் ஆற்றைச் சாக்கடையாக்கியது. திருப்பூரின் சாயக்கழிவும் அதில் கலந்தது. பாசனத்துக்கென 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது சாயநீரே. அது பாய்ந்த நிலங்கள் கெட்டன. உழவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அவை மீண்டும் இயங்கின. அதற்குள் வேலையிழந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் பலர். நிலம் இழந்தவனுக்கும் கூலி இழந்தவனுக்கும் இடையே யார் பக்கம் பேசுவது என்பது எளிதான கேள்வியல்ல.

வறண்ட மேட்டு நிலங்களின் நெடுநாள் கோரிக்கை ஒன்று அண்மையில் நிறைவேறியது. 60 ஆண்டுகளுக்கு மேல் கேட்டுவந்த அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. பவானியின் உபரிநீர் காளிங்கராயன் அணைக்கட்டுப் பகுதியிலிருந்து குழாய்களில் புறப்பட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளங்குட்டைகளுக்குச் செல்கிறது. அக்குளங்கள் ஆற்றைவிட உயரத்தில் இருப்பதால் நீர் தானாக ஓடாது. ஆறு நிலையங்களில் பம்பு வைத்து மேலே ஏற்றுகிறார்கள்.