செத்தும் பேசுது எலும்பு... தெரியுமா?

கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும் அக்காவின் உழைப்பு, அவர் எலும்பிலும் பதிவாகிறது, தெரியுமா? எலும்பு வெறும் கல் அல்ல, உயிருள்ள பொருள்! சுமை கூடினால் தடிக்கும், சும்மா கிடந்தால் மெலியும்! ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் இதை 1892-லேயே புத்தகமாக எழுதிவிட்டார்!

நம் நாட்டு எலும்புகளில் ஓர் அதிசயம் கேளுங்கள்! உத்தரப்பிரதேசத்தில் பிரதாப்கர் பக்கம் மகாதஹா என்று ஓர் ஊர். அங்கே பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வேட்டைக்காரர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கென்னத் கென்னடி முன்கை எலும்புகளைப் பார்த்தார். முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒரு மேடு, விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்குப் புடைத்து நின்றது! உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் தசை பற்றியிருக்கும் இடம் அது. ஈட்டியும் கவண்கல்லும் எறிந்து எறிந்து வந்த தழும்பு என்றார் 1983-ல்! கையெழுத்தே இல்லாத மனிதனின் கைத்தொழில் தெரிந்துவிட்டது!

நீங்கள் குத்தவைத்து உட்காருபவரா? கணுக்கால் மூட்டின் முன்விளிம்பில் வழவழப்பான சிறு தடம் விழலாம்! லாகூர் மருத்துவக் கல்லூரியின் ஹேவ்லாக் சார்லஸ் 1893-லேயே பஞ்சாபியர் கால்களில் இதை விவரித்தார்!

ஐரோப்பாவின் ஆதி உழவுப் பெண்களின் கை எலும்பு எவ்வளவு வலு? கேம்பிரிட்ஜ் படகுப்போட்டி வீராங்கனைகளையே மிஞ்சியது! 11 முதல் 16 சதவீதம் கூடுதல்! 2017-ல் வெளியான ஆய்வு இது. மாவரைத்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அம்மியில் அரைத்து, ஆட்டுக்கல் ஆட்டிய நம் பாட்டிமார் கைகளை யாராவது அளந்தார்களா? அளந்திருக்க வேண்டும்!

ஆனால் ஒரே ஒரு மேட்டை வைத்து 'இவர் வில்லாளி' என்று அடித்துச் சொல்ல முடியாது. வயதும் உடல் எடையும்கூட எலும்பைத் தடிக்கவைக்கும். பல அடையாளங்கள் ஒத்துப்போனால்தான் சாட்சி நிற்கும்!

நம் நீலகிரி எலும்புகள்? மலைமேல் இருக்கும் பழங்காலக் கல்வட்டங்களைத் தோண்டியபோது பெரும்பாலும் கிடைத்தவை சாம்பலும் எரிந்த எலும்புத் துண்டுகளும்தான்! அதனால் முழு எலும்பு ஒன்று தட்டுப்பட்டாலும் அது பொக்கிஷம். தோட்டத்தில் குழி வெட்டும்போது பழைய எலும்போ பானையோ தெரிந்தால், எடுத்துக் கழுவாதீர்கள். அப்படியே விட்டுவிட்டுத் தாசில்தாருக்குச் சொல்லுங்கள்!