குடிமராமத்து

தமிழகத்தில் ஆற்றுநீர் எல்லா ஊர்க்கும் எட்டுவதில்லை. ஆகவே, சில திங்களில் பெய்து ஓயும் மழைநீரைத் தேக்கிவைத்துப் பயிர் செய்ய முன்னோர் கண்ட வழியே ஏரியாகும். 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் இந்நாட்டில் உள்ளன. அவற்றுள் பலவற்றை வெட்டுவித்தவர் வேந்தராயினும், காத்து வந்தவர் அவ்வவ்வூராரே. ஊரார் தம் உழைப்பையும் பொருளையும் ஈந்து நீர்நிலையைப் பேணிய வழக்கிற்குக் குடிமராமத்து என்பது பெயர். 'மராமத்து' என்பது அரபு மொழிவழி வந்த சொல். பழுது பார்த்தல் என்பது பொருள். பெயர் பிற்காலத்ததாயினும் வழக்கு மிகப் பழையது.

கோடையில் ஏரி வற்றியவுடன் வேலை தொடங்கும். வீட்டிற்கு ஓர் ஆள் என்றோ, நிலத்தின் அளவிற்கேற்ப இத்தனை ஆள் என்றோ ஊரார் கூடி வரையறுப்பர். அடியிற் படிந்த வண்டலை வெட்டி வண்டிகளில் ஏற்றித் தத்தம் வயல்களில் இடுவர். இதனால் ஏரி ஆழம் பெறும். வயலும் உரம் பெறும். வரத்துக்காலில் மண்டிய முட்செடிகளை வெட்டி எறிவர். மதகின் பழுதை நீக்குவர். மிகுநீர் வழியும் கலிங்கைச் செப்பனிடுவர். கரையில் நண்டு துளைத்த வளையைக்கூடத் தேடி அடைப்பர். சிறு வளைதானே என்று விட்டால், மழைக்காலத்தில் அதுவே உடைப்பிற்கு வாயிலாகிவிடும் அன்றோ!

கார்த்திகை இரவில் கரை கசியுமாயின் ஊரிற் பறை முழங்கும். மண்வெட்டியும் கூடையும் வைக்கோற்புரியும் கொண்டு யாவரும் ஓடுவர். தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் பகலெல்லாம் நீருக்காக வழக்காடியவராயினும், அவ்விரவில் தோளோடு தோள் நின்று மண் சுமப்பர். மடை திறந்து முறைப்படி நீர் பாய்ச்சுதற்கு நீர்க்கட்டி என்பவன் இருந்தான். அறுவடைக் களத்தில் அவனுக்குரிய நெல்லை அளந்தபின்னரே உழவர் தம் நெல்லை வீட்டிற்குக் கொண்டு செல்வர்.

இத்தகைய பணியை முறைப்பட நடத்தியமைக்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் சான்றாகும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவை பொறிக்கப்பட்டன. முப்பது குடும்புகளிலிருந்தும் குடவோலை வாயிலாக உறுப்பினரைத் தெரிந்து, அவருள் அறுவரை ஏரி வாரியத்திற்கு அமர்த்தினர். முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் ஓலையிற் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர். இஃது இன்றும் போற்றத்தக்க விதியே. எனினும், சொந்த நிலமும் மனையும் உடையார்க்கே அத்தகுதி இருந்தது. மண் சுமந்த கூலியாட்களின் பெயர் அக்குடத்துள் விழவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கு தளர்ந்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில், ஊரார் செய்துவந்த இவ்வேலையைக் கட்டாயமாக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வாராதவரிடம் பணம் தண்டவும் அதில் இடமிருந்தது. விருப்பத்தாற் செய்த வேலை கட்டளையாற் செய்யும் வேலையாக மாறியது. பெரிய ஏரிகளின் பொறுப்போ பொதுப்பணித் துறையின்பாற் சென்றது. கரை மரங்களின் விலையும் மீன் குத்தகைப் பணமும் ஊர்ப் பொதுவிற் சேர்ந்தவரை, ஏரி தமது என்னும் எண்ணம் ஊராரிடம் இருந்தது. அவ்வருவாய் பல ஊர்களில் கைவிட்டுப் போன பின்னர், 'அரசாங்கத்து ஏரியை அரசாங்கமே பார்க்கட்டும்' என்று இருந்துவிட்டனர். அவர்களை மட்டும் குறை கூறுதல் முறையன்று. பிற்காலத்தில் கிணறும் நீரிறைக்கும் பொறியும் பெருகவே, வசதியுடையார்க்கு ஏரியின் தேவையும் குறைந்தது.

2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்தைத் திட்டமாக மீண்டும் தொடங்கியது. ஏரிப் பாசனம் பெறும் உழவர் சங்கங்களின் வழியே வேலை நடைபெறல் வேண்டும் என்பது அதன் நோக்கம். மண் அள்ளும் இயந்திரம் கோடையில் வந்து தூரெடுத்துப் போய்விடும். ஐப்பசியில் நண்டு வளையைக் காண்பதற்கு ஊரில் இருப்பவனே வேண்டும். ஆதலால் செலவிற் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டு உழவரே ஏற்றல் வேண்டும் என விதித்தனர். அப்பங்கைப் பணமாகவோ பொருளாகவோ தரலாம். கையிற் பணமில்லாச் சிற்றுழவன் கூடை சுமந்து தன் உழைப்பாகவும் தரலாம்.